சென்னைக்கு வெளியே சிரிக்க வைப்பது: ஸ்டாண்ட்-அப் டூர் போக நினைப்பவர்களுக்கு

வாரத்துக்கு இரண்டு பேராவது இன்ஸ்டாகிராமில் கேட்கிறார்கள்: "அண்ணா, நானும் ஸ்டாண்ட்-அப் பண்ணலாம்னு இருக்கேன். டூர் எப்படிப் போறது?" அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே நாலைந்து வருஷம் இருக்கிறது என்று பதில் போட்டால், பாதிப் பேர் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். காணாமல் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பெரிய பெயர் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு கோவை, திருச்சி, மதுரை, சேலம், பெங்களூரு என்று வார இறுதியில் பையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறவன். அதில்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். அந்த அளவுக்கு வருவதற்கான வழி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முதலில் போய்ப் பாருங்கள்

மைக் பிடிப்பதற்கு முன்னால் மூன்று ஓப்பன் மைக்குக்காவது (பெயர் கொடுத்தால் யாரும் ஏறிப் பேசலாம் என்கிற மேடை) பார்வையாளராகப் போங்கள். ஆழ்வார்பேட்டை, அடையாறு, நுங்கம்பாக்கம், அண்ணா நகர் பக்கங்களில் காபி கடை மாடியிலோ ஐம்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கிலோ நடக்கும். இடங்கள் அடிக்கடி மாறும். இந்த மாதம் நடந்த கடை அடுத்த மாதம் மொபைல் ஷோரூமாக இருக்கும். அதனால் இடத்தைத் தேடாதீர்கள். சென்னைக் காமெடியன்கள் பத்துப் பேரை இன்ஸ்டாவில் பின்தொடருங்கள், அவர்கள் ஸ்டோரியிலேயே எல்லாம் வந்துவிடும்.

போனால் நன்றாகச் செய்கிறவரை மட்டும் பார்க்காதீர்கள். சொதப்புகிறவரைப் பாருங்கள். எந்த வரியில் கூட்டம் போனை எடுத்தது, எந்த இடத்தில் அவரே தன் ஜோக்குக்குச் சிரித்தார், எப்போது "என்ன சென்னை, சத்தமே இல்ல?" என்று கேட்டார் என்று கவனியுங்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆள் காலி.

நம் ஊரில் மேடை ஏறிச் சிரிக்க வைப்பது புதிதல்ல. பட்டிமன்றம், சபா நாடகம், திருவிழா மிமிக்ரி, அப்புறம் 2005-ல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' என்று வரிசையாக இருக்கிறது. இதெல்லாம் நம் காதில் ஊறியிருப்பதால், புதிதாக வருகிறவர் பதற்றத்தில் ஏதாவது ஒரு நடிகர் குரலுக்கோ பட்டிமன்ற ராகத்துக்கோ தாவிவிடுவார். ஸ்டாண்ட்-அப்பில் அந்தக் குரல்கள் கை கொடுக்காது. உங்கள் வீட்டில் நடந்ததை, நீங்கள் பேசுகிற மாதிரி பேச வேண்டும். சென்னையில் இந்த வடிவத்தை வளர்த்தவர்களில் கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் முக்கியமானவர்கள். 2003-ல் அவர்கள் தொடங்கிய 'எவம்' என்ற குழு, நாடகத்திலிருந்து இதற்கு வந்தது. அந்தக் காலத்து ஷோக்களில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழில் முழு ஷோ போட்டால் டிக்கெட் விற்குமா என்ற சந்தேகம் தீர்ந்து சில வருஷம்தான் ஆகிறது. 2020-ல் அமேசான் பிரைமில் தமிழுக்கென்றே ஒரு ஸ்டாண்ட்-அப் போட்டி வந்தது. இன்றைக்கு வருகிற உங்களுக்கு அந்தச் சண்டை இல்லை.

முதல் ஐந்து நிமிடம்

கூகுள் படிவத்தில் பெயர் கொடுப்பீர்கள், அல்லது நடத்துகிறவருக்கு மெசேஜ் போடுவீர்கள். நாலைந்து நிமிட ஸ்பாட் கிடைக்கும். சில இடத்தில் ஏறுகிறவரிடமே சின்னத் தொகை வாங்குவார்கள். சில இடத்தில் ஒரு காபியாவது வாங்கச் சொல்வார்கள். ஒரு காபி விலை என்றால் தாராளமாகக் கொடுங்கள், அதற்கு மேல் என்றால் வேறு மைக் பாருங்கள்.

எழுதும்போது பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். "எனது தந்தை ஓய்வு பெற்ற அரசு ஊழியர்" என்று எழுதிவிட்டு, மேடையில் அதை "எங்கப்பா ரிட்டயர்டு" என்று மாற்றிக்கொள்ளலாம் என நினைத்தால் அந்த அரை நொடியில் தடுக்கும். ஐந்து நிமிடம் என்றால் நாலு நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். சிரிப்பு வந்தால் மீதி நிரம்பிவிடும். வராவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடலாம், அதுவும் லாபம்தான்.

மைக் ஸ்டாண்டைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஏறியதும் மைக்கை உருவி எடுங்கள். இன்னொரு கையால் ஸ்டாண்டைத் தூக்கி உங்களுக்குப் பின்னால் வையுங்கள். அதற்கப்புறம் பேசுங்கள். ஸ்டாண்ட் முன்னாலேயே நின்றால் உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பம் நிற்கும்; பதற்றத்தில் அதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். மைக் தலையை முகவாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கு இறக்கினால் கடைசி வரிசைக்குக் கேட்காது. கேட்காத ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போய் ஜோக்கைத்தான் திட்டுவீர்கள்.

பின்னால் யாராவது போன் டார்ச்சை ஆட்டுவார்கள். அதுதான் 'லைட்'. இன்னும் ஒரு நிமிடம் என்று அர்த்தம். லைட் காட்டிய பிறகு மூன்று நிமிடம் பேசியவரை அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள், எவ்வளவு சிரிப்பு வாங்கியிருந்தாலும். உங்கள் செட் முடிந்ததும் கிளம்பி ஓடாதீர்கள். கடைசி ஆள் வரைக்கும் உட்காருங்கள். பின்னால் ஸ்பாட் கொடுக்கப்போகிறவர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு செட்டையும் போனில் ஒலிப்பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். கொடுமையாக இருக்கும். எனக்கு முதல் ஆறு மாதம் என் குரலைக் கேட்டாலே கூசும். ஆனால் "அப்புறம் பாத்தீங்கன்னா" என்று ஐந்து நிமிடத்தில் பதினேழு தடவை சொல்கிறேன் என்பது அப்படிக் கேட்டுத்தான் தெரிந்தது.

ஐந்திலிருந்து அறுபதுக்கு

நம்பகமான ஐந்து நிமிடம் கையில் சேர ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம். நம்பகமான என்றால், சனிக்கிழமை நல்ல கூட்டத்துக்கு மட்டுமில்லை, செவ்வாய்க்கிழமை மழையில் வந்த பதினோரு பேருக்கும் வேலை செய்ய வேண்டும். அது வந்ததும் லைன்-அப் ஷோக்களில், அதாவது பலர் அடுத்தடுத்து ஏறுகிற ஷோக்களில், பத்து, பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள். இந்தக் கட்டத்தில் யாராவது "ஹோஸ்ட் பண்றியா ப்ரோ?" என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லுங்கள். காசு குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஆனால் குளிர்ந்து கிடக்கிற அறையைச் சூடாக்குவது, தாமதமாக வந்தவரைச் சமாளிப்பது, சொதப்பினவர் இறங்கிய பிறகு அறையை மறுபடி தூக்கி நிறுத்துவது எல்லாம் அங்கேதான் பழகும். டூரில் ஒவ்வொரு ஊரிலும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

அதற்குள் வேலையை விடாதீர்கள். நான் ஓஎம்ஆரில் வேலை பார்த்துக்கொண்டே நாலு வருஷம் ஓட்டினேன். வேலை போனால் சம்பளத்தோடு ஜோக்குக்கான சரக்கும் போய்விடும்.

ஒரு மணி நேரம் என்பது பன்னிரண்டு ஐந்து நிமிடங்களை ஒட்டியது அல்ல. பத்தாவது நிமிடத்தில் வந்த மாமா ஐம்பதாவது நிமிடத்தில் திரும்ப வர வேண்டும். அதைத்தான் கால்பேக் என்கிறோம். அலெக்சாண்டர் பாபு பாட்டை வைத்து ஷோவைக் கட்டுகிறார், பிரவீன் குமார் குடும்பத்தை வைத்துக் கட்டுகிறார். உங்களுக்கு எது முதுகெலும்பு என்று தெரியும் வரை ட்ரையல் ஷோ போடுங்கள். டிக்கெட்டை நூறு, நூற்றைம்பது என்று வைத்து, இது இன்னும் வேகாத ஷோ என்று போஸ்டரிலேயே சொல்லிவிடுங்கள். கையில் நோட்டு வைத்துக்கொண்டு ஏறினாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சென்னைச் சிரிப்பை நம்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என்னிடம் ஒரு பிட் இருந்தது. சென்னையில் அதற்குக் கைத்தட்டலே விழும்:

"ரெட் அலர்ட்னா மத்த ஊர்ல பால் பாக்கெட் வாங்க ஓடுவாங்க. வேளச்சேரியில காரை எடுத்துக்கிட்டு மேம்பாலத்துக்கு ஓடுவோம். மேம்பாலத்துல இடம் கிடைச்சவன் அன்னைக்கு ஏரியாவுல எம்எல்ஏ மாதிரி."

2024 மழையில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நின்ற படத்தை ஊரே பார்த்திருந்தது. 'வேளச்சேரி' என்று சொன்னதுமே சிரிக்கத் தொடங்குவார்கள். ஷோவின் நடுவில் வைத்திருந்தேன், தூண் மாதிரி. இதை நம்பித் திருச்சிக்குப் போனேன்.

திருச்சியில் நூறு பேர் சொச்சம். 'வேளச்சேரி' என்றேன். ஒன்றுமில்லை. மேம்பாலம் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்த மகனிடம், "ஏன் பாலத்துல நிறுத்துறாங்களாம்?" என்று கேட்டது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. மகன் விளக்கினான். அந்த விளக்கத்துக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த ஜோக்குக்கு எனக்கு விழுந்த சிரிப்பு அதுதான்.

இரவு லாட்ஜில் படுத்துக்கொண்டு பதிவைக் கேட்டேன். சென்னைக்காரர்கள் அதுவரை சிரித்தது ஜோக்குக்கு இல்லை, அவர்களுக்கு அந்த இடம் தெரியும் என்பதற்கு. நம்ம ஏரியா பேரைச் சொல்லிவிட்டான் என்ற சந்தோஷம் அது. ஜோக் என்று அங்கே ஒன்றும் இல்லவே இல்லை. டைடல் பார்க் சிக்னல், ஷேர் ஆட்டோ, ஹவுஸ் ஓனர் தண்ணீர் லாரி என்று எழுதி வைத்திருந்த முக்கால்வாசிப் பிட்டுகளின் கதையும் இதுதான்.

திரும்ப எழுதியபோது மேம்பாலத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்தேன்:

"வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. நானும் அம்மாவும் பாட்டியும் கட்டில் மேல. அப்பாவைக் காணோம். போன் வருது. 'டேய், நான் பத்திரமா இருக்கேன், பயப்படாதீங்க.' எங்கப்பா இருக்கீங்க? 'வண்டியோட பாலத்து மேல நிக்கிறேன்.' எங்களை விட்டுட்டு வண்டியைக் காப்பாத்தப் போயிட்டாரு! நான் கத்துறேன். அம்மா அமைதியா சொல்றாங்க: 'விடுடா. அதுக்கு இன்னும் நாலு வருஷம் டியூ இருக்கு. நமக்கெல்லாம் டியூ முடிஞ்சு போச்சு.'"

இது மதுரையில் ஓடியது, சேலத்தில் ஓடியது, பெங்களூரில் தமிழ்க் கூட்டத்துக்கும் ஓடியது. ஊர் பேர் ஒன்று கூட இல்லை. பிள்ளையை விட வண்டியை நேசிக்கிற அப்பா எல்லா ஊரிலும் இருக்கிறார். டியூ என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலும் முன்பை விட அதிகமாகத்தான் சிரித்தார்கள்.

ஆகவே டூர் அறிவிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தைக் காகிதத்தில் எழுதி, சென்னை தெரிந்தால் மட்டுமே புரியும் வரிகளை அடிக்கோடிடுங்கள். அந்தப் பேர்களை எல்லாம் எடுத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். சிரிப்பு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் சரி. இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது ஏரியா பட்டியல்தான். செங்கல்பட்டு, வேலூர், பாண்டிச்சேரி என்று பக்கத்து ஊர் லைன்-அப்பில் பதினைந்து நிமிடம் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். போக்குவரத்துக் காசுதான் நஷ்டம்.

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு. கோவையில் ஏறியதும் "ஏனுங்க" என்று இழுப்பது, மதுரையில் ஜிகர்தண்டா பற்றி ஐந்து நிமிடம் பேசுவது. வருகிற எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், அந்த ஊர்க்காரர்களுக்குச் சலித்துப்போய்விட்டது. அன்று காலை இறங்கியதிலிருந்து உங்களுக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள் போதும். ஆட்டோக்காரர் அரங்கத்தின் பெயரைக் கேட்டுவிட்டு "அங்க கல்யாணம்தானே நடக்கும்?" என்று கேட்டதைத் திருச்சியில் சொன்னேன், அன்றைக்கு ஓடிய ஒரே உள்ளூர் ஜோக் அதுதான்.

எந்த ஊர், எந்த அரங்கம், எவ்வளவு டிக்கெட்

எந்த ஊருக்குப் போவது என்பதை ஆசை முடிவு செய்யக்கூடாது. யூடியூப் ஸ்டுடியோவிலும் இன்ஸ்டாவிலும் உங்களைப் பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்று காட்டும். சென்னைக்கு அடுத்தபடி யார் இருக்கிறார்களோ அங்கே முதலில் போங்கள். எனக்குக் கோவை என்று நினைத்திருந்தேன், பெங்களூரு வந்தது. அங்கே வீட்டைவிட்டு வந்து வேலை பார்க்கிற தமிழர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி தமிழ் கேட்கக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

வீடியோ எதைப் போடுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஷோவின் நல்ல ஜோக்கை எல்லாம் ரீல்ஸில் போட்டுவிட்டால் டிக்கெட் வாங்கி வந்தவர் உங்களுக்கு முன்னால் பஞ்ச் லைனைச் சொல்லுவார். அதனால்தான் இப்போது எல்லாரும் க்ரவுட் வொர்க்கை, அதாவது கூட்டத்தில் இருப்பவரோடு பேசிக் கலாய்ப்பதை, வெட்டிப் போடுகிறார்கள். அது அந்த இரவோடு முடிந்த சரக்கு. ஆனால் எதிரில் பேசியவர் முகம் தெரிகிறது என்றால் ஷோ முடிந்ததும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நீங்கள் கலாய்த்தது அரங்கில் நூறு பேருக்கு. அவருடைய ஆபீசில் அது வேறு விஷயம்.

அரங்கத்தைப் பொறுத்தவரை சின்னதாக எடுத்து நிரப்புவது மேல். எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி 1896-ல் கட்டிய அழகான இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் பெரிய அரங்கில் எண்பது பேர் சிதறி உட்கார்ந்தால் சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதே எண்பது பேர் நூறு இருக்கை அறையில் நெருங்கி உட்கார்ந்தால் கூரை அதிரும். மார்கழியில் சென்னைச் சபாக்கள் கச்சேரிக்கே போய்விடும், அந்த மாதத்தில் அரங்கம் தேடி அலையாதீர்கள். பரீட்சை மாதம், சென்னை அணி ஆடுகிற ஐபிஎல் நாள், தேர்தல் நேரம் மூன்றையும் காலண்டரில் அடித்துவிட்டுத் தேதி பாருங்கள்.

இப்போது கணக்கு. இது ஒரு உதாரணம்தான், ஊருக்கு ஊர் மாறும். 150 பேர் அரங்கம், டிக்கெட் 399 ரூபாய், 110 விற்றது என்று வைப்போம். வரவு 43,890. டிக்கெட் தளத்துக்குப் பத்து சதவீதம் என்று போட்டால் கையில் 39,501. செலவு: அரங்கம் 12,000, ஒலி ஒளி 6,000, விளம்பரம் 4,000, முன்னால் பத்து நிமிடம் பேசுகிற ஓப்பனருக்கு 3,000, இரண்டு பேருக்கு ரயில் 3,000, அறை 2,500, சாப்பாடு ஆட்டோ 1,500, வாசலில் டிக்கெட் பார்க்கிற பையன்களுக்கு 1,000. மொத்தம் 33,000. மிச்சம் ஆறாயிரத்து ஐநூறு. அதே ஷோவுக்கு 80 டிக்கெட்தான் விற்றால் நாலாயிரத்துச் சொச்சம் கைநஷ்டம். 92-வது டிக்கெட்டில்தான் உங்கள் சொந்தக் காசு திரும்பி வருகிறது. ஒவ்வொரு ஊருக்கும் இந்த எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு பிறகு அரங்கத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

டிக்கெட் பணம் ஷோ முடிந்து சில நாள் கழித்துத்தான் கணக்கில் ஏறும். அரங்கமும் ரயிலும் முன்னாலேயே காசு கேட்கும். மூன்று ஊரை ஒரே மாதத்தில் போட்டால் அந்த இடைவெளிக்குக் கையில் பணம் வேண்டும். இதைக் கவனிக்காமல் நான் ஒரு முறை சேலத்தில் அறையைக் காலி செய்ய நண்பனிடம் ஜிபே கேட்டேன்.

உள்ளூரில் யாராவது "நான் நடத்துறேன் ப்ரோ, நீங்க வந்தா போதும்" என்றால், பேசிய தொகை, பயணம் யார் செலவு, அறை யார் செலவு, ஷோ ரத்தானால் என்ன என்ற நாலையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் முன்னால். முன்பு ஒருவர் "நைட்டு செட்டில் பண்றேன்" என்றார்; எந்த நைட் என்று சொல்லவில்லை.

பயணம்

ரயில்தான். திருச்சிக்கு மலைக்கோட்டை, மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன் என்று ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம், ஒரு இரவு அறை வாடகை மிச்சம். முன்பு 120 நாளைக்கு முன்னால் பதிவு செய்யலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அதனால் அரங்கம் உறுதியான அன்றே டிக்கெட் போடுங்கள். விட்டுவிட்டால் தட்கல்: முந்தைய நாள் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினோரு மணி. ஆன்லைனில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்த்திருக்க வேண்டும், அதை ஷோவுக்கு முந்தின நாள் காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கண்டுபிடிக்காதீர்கள். பஸ் என்றால் தெற்கே போகிறவை கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. வடசென்னையில் வீடு என்றால் ஊரைக் கடக்கவே இரண்டு மணி நேரம் வையுங்கள்.

பெண் காமெடியன்கள் நண்பர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அறை அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் தனியாக ஆட்டோ என்பது இருக்கக்கூடாது, நடத்துகிறவரைப் பற்றி முன்பு போன இன்னொரு பெண்ணிடம் விசாரிக்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவை நடத்துகிறவர் தலையில் கட்டுங்கள். முணுமுணுத்தால் அந்த ஊர் வேண்டாம்.

ஷோ நாளில் மதியம் பிரியாணி வேண்டாம். அனுபவம்.

அரங்கத்துக்கு ஷோவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். மைக் வேலை செய்கிறதா என்று "ஹலோ ஹலோ" சொல்வது மட்டும் போதாது. கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து ஒரு முழு ஜோக்கைச் சொல்லிப் பாருங்கள். கல்யாண மண்டபம் மாதிரி இடம் என்றால் எதிரொலி வரும், வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவே விஐபி சோபா போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சோபாவில் உட்கார்ந்தவர் சிரிப்பதில்லை, ஏன் என்று தெரியவில்லை. கூட்டம் உள்ளே வரும்போது சினிமாப் பாட்டு போடுவதாக இருந்தால் பாட்டுக்கான காப்புரிமைத் தொகையை வசூலிக்கிற பிபிஎல், ஐபிஆர்எஸ் அமைப்புகளின் உரிமம் அரங்கத்திடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்கே பேசுகிறவர் ஒருவராவது இருப்பார். முதல் தடவை சிரித்துக்கொண்டே பதில், இரண்டாவது தடவை கூட்டத்தை உங்கள் பக்கம் இழுத்து ஒரு கலாய். மூன்றாவது தடவை பேசினால் பேச்சை நிறுத்திவிட்டு, நடத்துகிறவரிடம் சொல்லி அவரை வெளியே அழைத்துப்போக வையுங்கள். குடித்திருந்தால் நேரே மூன்றாவதுக்குப் போய்விடலாம்.

வாடகை கட்டும் ஷோ

டிக்கெட் ஷோவில் பெயர் வரும், கார்ப்பரேட் ஷோவில் வாடகை வரும். ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மதியம் ஒன்றரை மணிக்கு எனக்கு ஸ்லாட். பஃபே திறந்ததும் ஒன்றரை மணிக்குத்தான். முன்னால் ஹெச்ஆர் மேடம் சொன்னார்: "சார், ஜாலியா பண்ணுங்க. ஆனா மதம், அரசியல் வேண்டாம். அப்ரைசல் வேண்டாம். மேனேஜர் ஜோக் வேண்டாம், அவங்க வர்றாங்க. அப்புறம் சாப்பாடு பத்தியும் வேண்டாம், வெண்டர் மாத்திட்டோம்." நான் நாற்பது நிமிடம் என் அப்பாவைப் பற்றி மட்டும் பேசினேன். தட்டுச் சத்தத்துக்கு நடுவே டியூ ஜோக் கேட்டு ஒரு மூலை சிரித்தது.

இப்படிப்பட்ட ஷோவுக்கு மேடை, ஒலி, நேரம், சாப்பாடு இல்லாத அரை மணி நேரம் என்று முன்னாலேயே கேளுங்கள். நிறுவனம் பொதுவாகப் பத்து சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். சேவைக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி ஆடிட்டர்கள் நம்மைவிட நன்றாக ஜோக் சொல்கிறார்கள்.

பேச்சுக்கு வரும் வழக்கு

பயமுறுத்த இல்லை, தெரிந்துகொள்ள. காமெடியன் முனவ்வர் ஃபாரூக்கி 2021 ஜனவரி முதல் தேதி இந்தூரில் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகே வெளியே வந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு காமெடியன் குணால் கம்ராவின் ஒரு வீடியோவுக்காக அது எடுக்கப்பட்ட மும்பை அரங்கையே அடித்து நொறுக்கினார்கள். அவர் விழுப்புரத்தில் வசிப்பவர் என்பதால் இடைக்கால முன்ஜாமீன் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் கிடைத்தது. மத உணர்வைப் புண்படுத்தியதாக வருகிற புகார் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவில் வரும்.

என் வழக்கம் இதுதான். பேசுவதற்கும் பதிவேற்றுவதற்கும் தனித்தனி முடிவு எடுப்பேன். ஒவ்வொரு ஷோவின் முழு ஒலிப்பதிவையும் தேதி போட்டு வைத்திருப்பேன், நான் சொல்லாததைச் சொன்னதாக யாராவது எழுதினால் காட்டுவதற்கு. சாதியை வைத்துக் கீழே இருப்பவரை இடிக்கிற ஜோக் மட்டும் எந்த ஊரிலும் செய்வதில்லை. அதற்குச் சட்டத்தை இழுக்கவே வேண்டாம், அது ஜோக்கே இல்லை.

கடல் தாண்டினால்

சிங்கப்பூர், மலேசியா, துபாய், இலங்கை என்று தமிழ்க் கூட்டம் இருக்கும் இடமெல்லாம் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நடக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டூரிஸ்ட் விசாவில் போய்க் காசுக்கு ஷோ பண்ணக்கூடாது. "எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்று கூப்பிடுகிறவர் சொல்லுவார், மாட்டினால் அடுத்த விசா உங்களுக்குத்தான் கிடைக்காது. சிங்கப்பூரில் ஐஎம்டிஏ, மலேசியாவில் புஸ்பால் என்ற அரசு அமைப்புகளின் அனுமதி என்று நடத்துகிறவர் வாங்க வேண்டியவை இருக்கின்றன. அந்தக் காகிதத்தின் நகல் கைக்கு வந்த பிறகு போஸ்டர் போடுங்கள்.

ஷோ எப்போது முடிகிறது

ஒரே ஷோவோடு ஒரே ஊருக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவார், உங்களுக்கு முன்னால் அவருக்கு எல்லா ஜோக்கையும் சொல்லியிருப்பார். பத்து, பதினைந்து ஊர் சுற்றியதும் ஷோ தானாகப் பழுத்துவிடும். அப்போது நல்ல கூட்டம் உள்ள ஊரில், என் வரைக்கும் அது சென்னை, இரண்டு காட்சி வைத்து இரண்டையும் மூன்று கேமராவில் எடுங்கள். முதல் காட்சியில் தடுக்கிய இடத்தை இரண்டாவதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். அதனால் இரண்டு காட்சிக்கும் ஒரே சட்டை போடுங்கள், நடுவே அதில் சாம்பார் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவேற்றிய அன்றோடு அந்த ஒரு மணி நேரம் கையை விட்டுப் போய்விடும். புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு ஓப்பன் மைக்குக்குப் பெயர் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மைக்குக்குப் படிவம் திங்கள் மதியமே நிரம்பிவிடுகிறது, காலையிலேயே போட்டுவிடுங்கள்.